அவிக்க வேண்டிய முட்டையை ஏன் வாட்டுகிறோம்?

முட்டையைத் தண்ணீரில் போட்டு அவிப்பதில் அப்படி என்ன கஷ்டத்தைக் கண்டுவிட்டார்கள் என்று எனக்குப் புரியவேயில்லை. நான் இருக்கும் அமெரிக்க ஊரில் ஒரு விருந்து என்று பேச்செடுத்தால் போதும், யாராவது ஒருவர் டெவில்டு எக் செய்து கொண்டு வருகிறேன் என்பார். உடனே பக்கத்திலிருந்து யோசனை வரும்: "அடுப்பே பத்த வைக்காதீங்க. ஏர் ஃப்ரையர்ல அடுக்கிட்டு பட்டனை அமுக்குங்க, வேலை முடிஞ்சுது." சமையல் வீடியோக்களும் இதையேதான் ஓதுகின்றன. அதைக் கேட்டுச் செய்தவர்கள் விருந்துக்கு ஒரு மணி நேரம் முன்பு, ஓடு உரியாத முட்டைகளோடு சிங்க் ஓரத்தில் மல்லுக்கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். என் வீட்டு அடுப்படியிலும் அதே கதைதான். பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

டெவில்டு எக் என்ன பண்டம் என்று அறியாதவர்களுக்காக: அவித்த முட்டையை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, மஞ்சள்கருவைத் தனியே எடுத்து மசித்து, மயோனைஸ், கடுகு சாஸ், துளி வினிகர், உப்பு, மிளகுத்தூள் சேர்த்துக் குழைத்து, அதை மறுபடி அந்தக் குழியிலேயே நிரப்புவார்கள். மேலே சிவப்பாகப் பாப்ரிகா தூவுவார்கள். ஈஸ்டர், தேங்ஸ்கிவிங், ஜூலை 4 பிக்னிக், சர்ச் விருந்து என்று எதிலும் இது இருக்கும். இதற்கென்றே முட்டை வடிவக் குழிகள் வைத்த கண்ணாடித் தட்டு பல அமெரிக்க வீடுகளில் மாமியாரிடமிருந்து மருமகளுக்கு வருகிறது. எளிமையான பண்டம். ஆனால் எளிமையானதில்தான் குறையை ஒளிக்க இடமில்லை.

நம் வீட்டு முட்டைக் குழம்புக்கு அவித்தால், ஓட்டோடு கொஞ்சம் வெள்ளைக்கரு பிய்ந்து போனாலும் யாரும் கேட்க மாட்டார்கள். மசாலா அந்தக் கிழிசலுக்குள் இறங்கும். ருசி கூடத்தான் செய்யும். டெவில்டு எக்கில் அந்தச் சலுகை கிடையாது. இங்கே வெள்ளைக்கருதான் கிண்ணம். அது வழவழவென்று, முழுசாக, சுவர் ஒரே கனத்தில் நின்றால்தான் உள்ளே வைத்தது நிற்கும். கையில் எடுத்துக் கடிக்க முடியும். அவித்த முட்டையை வைத்துச் செய்யும் பண்டங்களில், அவித்த விதம் இவ்வளவு அப்பட்டமாக வெளியே தெரிவது வேறொன்றும் இல்லை. அதற்குப் போய் இந்த இயந்திரத்தைச் சிபாரிசு செய்கிறார்களே என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

ஏர் ஃப்ரையரிலிருந்து எடுத்த முட்டை ஒன்றைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஓட்டின் மேல் பக்கத்தில் பழுப்பாகப் புள்ளிகள். அகன்ற முனையில் லேசாகத் தட்டி உரிக்க ஆரம்பித்தால், ஓடு அரிசிக் குறுணை அளவுக்கு நொறுங்கி வருகிறதே தவிர, ஏடாகப் பெயர்ந்து வருவதில்லை. உள்சவ்வு வெள்ளைக்கருவோடு ஒட்டிக்கொண்டு நகக்கண்ணில் ஏறுகிறது. இழுத்தால் ஒரு துண்டு வெள்ளையும் கூடவே வந்து, அந்த இடத்தில் பள்ளம் விழுகிறது. எப்படியோ உரித்து முடித்து வெட்டினால், மஞ்சள்கரு நடுவில் இல்லாமல் ஒரு பக்கச் சுவரில் சாய்ந்து கிடக்கிறது. அந்தப் பக்கம் வெள்ளை காகிதம் போல மெலிந்திருக்கும். கரண்டி பட்டதும் கிழியும். எதிர்ப்பக்கமோ தடித்து ரப்பராகக் கடிபடும். மஞ்சளைச் சுற்றிப் பச்சைச் சாம்பல் வளையம் வேறு. ஒரே கூடையில் வைத்த அடுத்த முட்டையை வெட்டினால், அதன் நடு இன்னும் பிசுபிசுவென்று வேகாமல் இருக்கிறது. இப்படி ஆளுக்கொரு குணமாக வெந்த மஞ்சள்கருக்களைச் சேர்த்து மசித்தால் ஒரு பக்கம் பசை, ஒரு பக்கம் மணல். சல்லடையில் தேய்க்காமல் பைப்பிங் பையில் போட்டால் முனை அடைத்துக்கொள்கிறது.

இதற்கெல்லாம் செய்தவர் கைப்பக்குவத்தைக் குறை சொல்கிறார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. குறை கையில் இல்லை. வறண்ட காற்றில் முட்டையை வேகவைக்கச் சொல்லும் யோசனையிலேயே இருக்கிறது.

ஏர் ஃப்ரையர் என்பது என்ன? மேலே ஒரு சூட்டுக் கம்பிச் சுருள், அதன் மேல் வேகமாகச் சுற்றும் விசிறி, கீழே காற்று புகுந்து வரத் துளை போட்ட ஒரு கூடை. சின்ன கன்வெக்‌ஷன் அவன், அவ்வளவுதான். பிலிப்ஸ் நிறுவனம் 2010-இல் பெர்லினில் நடந்த ஐ.எஃப்.ஏ. கண்காட்சியில் இதை அறிமுகம் செய்தபோது சொன்னது, கொஞ்சம் எண்ணெயில் உருளைக்கிழங்கு வறுவலை மொறுமொறுவென்று எடுக்கலாம் என்பதைத்தான். மேல்பரப்பின் ஈரத்தை விரட்டிவிட்டுச் சிவக்க வைப்பது அதன் தொழில். அந்தத் தொழிலில் அதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை; கோழிக்கால், சேப்பங்கிழங்கு, வெண்டைக்காய் எல்லாம் பிரமாதமாக வருகின்றன.

அவிந்த முட்டைக்கு வேண்டியது இதற்கு நேர்மாறானது. சிவக்கவே கூடாது. எல்லாப் பக்கமும் ஒரே சூடு வேண்டும். கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. தாண்ட முயன்றால் ஆவியாகப் போய்விடும். முட்டையின் எந்தப் பக்கத்தைத் தொட்டாலும் அதே 100 டிகிரிதான். முட்டைக்கு வேண்டியதும் அதற்குள்ளேயே முடிந்துவிடுகிறது. வெள்ளைக்கரு 60 டிகிரி தாண்டியதும் கெட்டிப்பட ஆரம்பித்து, அதன் புரதத்தில் பாதிக்கு மேல் இருக்கும் ஓவல்புமின் 80 டிகிரி வாக்கில் இறுகுகிறது. மஞ்சள்கருவோ 65-இலிருந்து 70-க்குள் உறைந்துவிடும். 121 டிகிரி, 149 டிகிரி வறண்ட காற்று அதற்கு எதற்கு?

சூடு கூட இருந்தால் சீக்கிரம் வேகுமே என்று தோன்றலாம். அங்கேதான் ஏமாற்றம். காற்று சூட்டைக் கடத்துவதில் மகா மந்தம். தண்ணீர் அதைவிட இருபது மடங்குக்கு மேல் நன்றாகக் கடத்தும். சூடான அவன் அடுப்புக்குள் கையை நீட்டித் தட்டை எடுக்கிறோம். அதைவிடச் சூடு குறைந்த கொதிநீரில் விரல் நுனியை வைக்க முடியுமா? அதனால் ஏர் ஃப்ரையருக்குள் முட்டை மெதுவாகத்தான் சூடேறுகிறது. மேலே கம்பிச் சுருளைப் பார்த்த பக்கம் மட்டும் அதிகமாகக் காய்கிறது; அதுதான் அந்தப் பழுப்புப் புள்ளி.

மெதுவாகச் சூடேறுவதில் இன்னொரு கேடு இருக்கிறது, உரிக்கும்போது தெரியும். முட்டை உரிபடுவதைப் பற்றி விலாவாரியாகச் சோதித்து எழுதியவர் ஜே. கென்ஜி லோபஸ்-ஆல்ட். பச்சைத் தண்ணீரில் போட்டு மெல்லச் சூடாக்கிய முட்டையைவிட, கொதிக்கிற தண்ணீரிலோ ஆவியிலோ நேராக வைத்த முட்டை சுலபமாக உரிகிறது என்பது அவர் கண்டது. சட்டென்று பெருஞ்சூடு பட்டால் வெளி வெள்ளைக்கரு உள்சவ்வோடு ஒட்ட நேரமில்லாமல் இறுகிக்கொள்கிறது. மெதுவாகச் சூடேறினால் சவ்வோடு பிணைந்துவிடுகிறது. வறண்ட காற்றில் வைப்பது, பச்சைத் தண்ணீரில் போட்டு ஏற்றுவதைவிட வேகம் என்று சொல்ல முடியாது. ஆக, உரிபடாமல் போவதற்குத் தோதான வழியைத்தான் தேடிப் பிடித்து ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

"எனக்கு நல்லா உரிஞ்சு வந்ததே" என்று சொல்பவர்கள் உண்டு. பொய் சொல்லவில்லை; அவர்கள் வைத்தது பழைய முட்டையாக இருந்திருக்கும். புதிதாக இட்ட முட்டையின் வெள்ளைக்கருவில் கரியமில வாயு கரைந்திருக்கும், அதன் பி.எச். அளவு 8-க்குக் கீழே இருக்கும். நாளாக ஆக அந்த வாயு ஓட்டின் நுண்துளைகள் வழியாக வெளியேறி, பி.எச். 9-ஐத் தொடும். அப்போதுதான் வெள்ளைக்கரு சவ்வை விடும். இந்த ஊரில் முட்டையைக் கழுவித்தான் கடைக்கு அனுப்புகிறார்கள். கழுவும்போது ஓட்டின் மேலிருக்கும் இயற்கைப் பூச்சு போய்விடுவதால், சில பண்ணைகளில் மினரல் ஆயில் பூசுகிறார்கள். எண்ணெய் துளைகளை அடைத்தால் வாயு உள்ளேயே தங்கும். வாரம் கடந்தும் முட்டை புதுசு போலவே ஒட்டும். எத்தனை நாள் முட்டை என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. அமெரிக்க வேளாண் துறையின் தர முத்திரை உள்ள முட்டைப் பெட்டியின் பக்கவாட்டில் மூன்று இலக்க எண் ஒன்று அடித்திருப்பார்கள். 001 என்றால் ஜனவரி 1-ஆம் தேதி பெட்டியில் அடைத்தது. 365 என்றால் டிசம்பர் 31. அதைப் பார்த்து, அடைத்து ஒன்றிரண்டு வாரம் ஆனதை எடுங்கள் என்று ஏர் ஃப்ரையர் வீடியோக்களில் சொல்லி நான் கேட்டதே இல்லை. முட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, இயந்திரத்தின் பெருமைதான் முழுக்க.

அவர்கள் தரும் கணக்கையாவது நம்பலாமா என்றால் அதுவும் இல்லை. ஒருவர் 250 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 17 நிமிடம் என்கிறார். இன்னொருவர் 270-இல் 15 என்கிறார். வேறொருவர் 300-இல் 12 நிமிடமே போதும் என்கிறார். எந்த அளவு முட்டை, ஃபிரிட்ஜிலிருந்து நேராக எடுத்ததா, இயந்திரத்தை முன்பே சூடாக்கினார்களா, இழுப்பறைக் கூடை வகையா, அடுக்குத் தட்டு வைத்த அவன் வகையா, ஒரு தடவைக்கு எத்தனை வைத்தார்கள் என்று எதுவும் கிடையாது. கொதிநீர் எல்லார் வீட்டிலும் கொதிநீர்தான். ஏர் ஃப்ரையர் அப்படி இல்லை. ஒன்றின் விசிறி வேகம் இன்னொன்றுக்குக் கிடையாது. ஒன்றின் கம்பி முட்டைக்கு நெருக்கமாக இருக்கும், இன்னொன்றுக்குத் தள்ளி இருக்கும். திரையில் 250 என்று எழுதியிருப்பதாலேயே உள்ளே முட்டை இருக்கிற இடத்தில் 250 இருக்கிறது என்று ஆகாது.

சென்னையில் இருக்கும் அண்ணி இந்த ஊர் வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, அங்கே வாங்கிய ஏர் ஃப்ரையரில் முயன்றார். "நீங்கள்லாம் சொல்ற நிமிஷம்தாம்மா வெச்சேன், உள்ளே கல்லு மாதிரி ஆயிடுச்சே" என்று போனில் வருத்தப்பட்டார். ஆகாமல் என்ன செய்யும்? இங்கே முட்டையை 7 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்து விற்கிறார்கள். வீட்டிலும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வைக்கிறோம். அங்கே மளிகைக் கடையில் அட்டையில் வெளியே அடுக்கியிருக்கும் முட்டை, 30 டிகிரியில் இருக்கும். இங்கே 'லார்ஜ்' என்று விற்பது ஒன்று சுமார் 57 கிராம். அங்கே கைக்கு வருவது பெரும்பாலும் அதைவிடச் சின்னது. சின்ன முட்டை, அதுவும் பாதிச் சூட்டோடு உள்ளே போகிறது, நிமிடம் மட்டும் அதேதான் என்றால் கல்லாகத்தானே ஆகும்? அண்ணியிடம் இதைச் சொன்னபோது, "இதை அந்த வீடியோவிலேயே சொல்லித் தொலைக்கக் கூடாதா?" என்றார். நியாயமான கேள்வி.

தண்ணீர் மிச்சம், நேரம் மிச்சம் என்கிறார்களே, அதையும் சொல்லிவிடுகிறேன். 15, 17 நிமிடம் ஓடிய பிறகு முட்டையை ஐஸ் தண்ணீரில் போடச் சொல்கிறார்கள். போட்டுத்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் உள்சூட்டில் வெந்துகொண்டே போய், வெள்ளைக்கருவின் கந்தகமும் மஞ்சள்கருவின் இரும்பும் சேர்ந்து அந்தப் பச்சை வளையம் இன்னும் கனமாகும். தின்றால் கெடுதல் இல்லை, பார்க்கத்தான் அசிங்கம். ஆக, பெரிய கிண்ணம் நிறையத் தண்ணீரும் ஐஸும் எப்படியும் வேண்டும். சின்னக் கூடையில் ஒரு டஜன் முட்டை ஒரே அடுக்காகக் கொள்ளாது, இரண்டு தடவை வைக்க வேண்டும். எது மிச்சம்?

வீணாவது முட்டை என்பதை நினைத்தால் மனசு கேட்கவில்லை. 2022-இல் பரவத் தொடங்கிய பறவைக் காய்ச்சலில் கோடிக்கணக்கான கோழிகள் அழிந்தன. 2025 மார்ச்சில் இந்த நாட்டில் ஒரு டஜன் முட்டையின் சராசரி விலை 6 டாலர் 23 சென்ட் வரை ஏறியது. பிறகு இறங்கிவிட்டது, சரி. ஆனால் அந்த மாதங்களிலும் 'ஏர் ஃப்ரையரில் போடுங்கள், சுலபம்' என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். பள்ளம் விழுந்த முட்டைகளை நாம் குழம்பிலோ பொரியலிலோ போட்டுச் சமாளித்துவிடுவோம். குழம்பு வைக்கத் தெரியாத பக்கத்து வீட்டு அமெரிக்கப் பெண் அவற்றை மொத்தமாகக் குப்பைக் கூடையில் கொட்டியதை நான் கண்ணால் பார்த்தேன். விருந்துக்குக் கடையில் செய்து அடைத்து விற்பதை வாங்கிக்கொண்டு போனாள்.

இந்தப் பண்டத்தில் ஏர் ஃப்ரையருக்கு வேலையே இல்லையா என்றால், ஒரே ஒரு இடத்தில் இருக்கிறது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் டெவில்டு எக்கைப் பொரித்தும் செய்வார்கள். அவித்து, வெட்டி, மஞ்சளை எடுத்துவிட்ட வெள்ளைக்கருக் கிண்ணங்களை மைதாவில் புரட்டி, அடித்த முட்டையில் தோய்த்து, பாங்கோ ரொட்டித்தூளில் உருட்டி எண்ணெயில் போட்டு எடுப்பார்கள். எண்ணெய்ச் சட்டிக்குப் பதிலாக இங்கே ஏர் ஃப்ரையரை வைத்துக்கொள்ளலாம். ரொட்டித்தூளின் மேல் எண்ணெயை நன்றாகத் தெளித்து, 400 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது ஏறக்குறைய 200 செல்சியஸில், பொன்னிறம் வரும்வரை சில நிமிடம் விட்டால் அருமையாக மொறுமொறுக்கும். எண்ணெய் தெளிக்காமல் விட்டால் மைதா வெள்ளைத் திட்டாகவே நிற்கும். கலவையை ஆறிய பிறகுதான் நிரப்ப வேண்டும். நிரப்பியதை உள்ளே வைத்தால் மயோனைஸ் திரிந்து எண்ணெய் பிரிந்துவிடும். சிவக்க வைக்கும் இயந்திரத்துக்குச் சிவக்க வைக்கும் வேலை. அதோடு அதை விடுங்கள்.

அவிக்க நம் வீட்டில் இருப்பதைவிட நல்ல சாமான் வேறெங்கும் இல்லை. இட்லிப் பானைதான். கடல் கடந்து வந்த தமிழ் வீடுகளில் பெட்டியில் முதலில் ஏறிய பாத்திரம் அதுவாகத்தான் இருக்கும். அதை அலமாரியில் தூங்க விட்டுவிட்டுக் காற்றில் முட்டை வேகவைக்கிறோம். முந்தின ராத்திரியே முட்டைப் பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள். மஞ்சள்கரு நடுவுக்கு வரும். பானையில் அடித்தட்டை மட்டும் வைத்து, தண்ணீர் தளதளவென்று கொதித்து ஆவி கிளம்பியதும், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த முட்டைகளை ஒவ்வொரு குழியிலும் ஒன்றாக இறக்கி மூடுங்கள். குழியில் உட்கார்ந்துவிடுவதால் உருளாது, ஒன்றோடொன்று மோதி விரிசல் விடாது. லார்ஜ் முட்டைக்கு 12 நிமிடம். எடுத்ததும் ஐஸ் தண்ணீர், அதில் பத்து நிமிடமாவது கிடக்கட்டும். அகன்ற முனையில் காற்றறை இருக்கும். அங்கே தட்டி, தண்ணீருக்குள் வைத்தே உரியுங்கள். ஓடு பெரிய பெரிய ஏடாகக் கழன்று வரும். வெட்டினால் மஞ்சள் நடுவில் நிற்கும், பொடிப்பொடியாக மசியும். நிரப்பிய பிறகு ஃபிரிட்ஜில் வையுங்கள்; விருந்து மேஜையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள், கோடையில் வெளியே என்றால் ஒரு மணி நேரம்.

சமையல் குறிப்பு எழுதுகிறவர்களிடமும் வீடியோ போடுகிறவர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். ஏர் ஃப்ரையரில்தான் முட்டை அவிப்பேன் என்றால் அவியுங்கள். ஆனால் டிகிரியும் நிமிடமும் மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். முட்டையின் அளவு, எத்தனை நாள் முட்டை, எவ்வளவு குளிரில் இருந்தது, உங்கள் இயந்திரம் எந்த வகை என்பதையும் சொல்லுங்கள். ஒரே ஒரு முட்டையை முதலில் வைத்து வெட்டிப் பார்த்துவிட்டு மீதியை வையுங்கள் என்று ஒரு வரி சேருங்கள். அந்த ஒரு வரியால் எத்தனையோ வீடுகளில் ஒரு டஜன் முட்டை தப்பிக்கும்.